குருந்தம் எப்படிக் கொரண்டம் ஆனது?

கோயம்புத்தூரில் பீளமேடு, கணபதி பக்கம் எந்த லேத் பட்டறைக்குள் நுழைந்தாலும் ஒரு கிரைண்டிங் வீல் சுற்றிக்கொண்டிருக்கும். பம்புக்கான ஷாஃப்ட் அதில் மெருகேறும், மழுங்கிப்போன டூல் அதில் கூர்மை பெறும். அந்த வீல்களில் பெரும்பாலானவை எந்தப் பொருளால் ஆனவையோ, அதே பொருள்தான் பழைய எச்.எம்.டி. கைக்கடிகாரத்தில் '17 ஜுவல்ஸ்' என்று எழுதியிருக்குமே, அந்தச் சின்னச் சின்னக் கற்களும். மோதிரத்தில் பதிக்கும் மாணிக்கமும் அதுதான், நீலக்கல்லும் அதுதான். கனிமவியலில் இதன் பெயர் கொரண்டம். உலகம் முழுக்க ஆங்கிலப் பாடநூல்களில் இந்தப் பெயரைத்தான் படிக்கிறார்கள். ஆங்கில அகராதியைத் திறந்து இந்தச் சொல்லின் மூலம் என்ன என்று பார்த்தால், தமிழின் 'குருந்தம்' என்று போட்டிருக்கும்.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்கள் என்றால் கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் என்று ஒரு வழக்கமான பட்டியல் சொல்வார்கள். அதில் குருந்தம் அநேகமாக இருக்காது. எனக்கு அது ஒரு குறையாகவே படுகிறது. மற்ற சொற்கள் துறைமுகத்திலும் சாப்பாட்டு மேசையிலும் புழங்கியவை. குருந்தம் அறிவியலின் கலைச்சொல்லாகவே போய் உட்கார்ந்துவிட்டது. அதோடு, அந்தக் கல் நம் கொங்கு மண்ணிலேயே கிடைக்கிறது. ஒரு சொல்லின் பிறப்பை எப்படித் தேடுவது என்று முதல்முறையாகக் கற்றுக்கொள்கிறவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது கஷ்டம். அதனால் கல்லிலிருந்தே தொடங்கலாம்.

கொரண்டம் என்பது படிகமாக இறுகிய அலுமினியம் ஆக்சைடு. இரண்டு அலுமினிய அணு, மூன்று ஆக்சிஜன் அணு, அவ்வளவுதான். கலப்பு எதுவும் இல்லாவிட்டால் நிறமே இருக்காது. கொஞ்சம் குரோமியம் சேர்ந்தால் சிவந்து மாணிக்கமாகிவிடும். இரும்பும் டைட்டானியமும் சேர்ந்தால் நீலம். நகைக்கு ஆகாமல் மங்கலாக, சாம்பல் நிறத்திலோ பழுப்பாகவோ கிடைப்பதுதான் அதிகம். அதைப் பொடித்துத் தேய்ப்புக்கல்லாகப் பயன்படுத்துவார்கள். பட்டறையில் 'எமரி' என்று சொல்வது, கொரண்டத்தோடு மேக்னடைட் என்ற இரும்புக் கனிமம் கலந்து இயற்கையில் கிடைக்கும் பொருள்.

இதன் பெருமை எல்லாம் கடினத்தில் இருக்கிறது. ஒரு கல் இன்னொன்றின் மேல் கீறல் போடுமா என்பதை வைத்து 1812-ல் ஃபிரெடரிக் மோஸ் ஓர் அளவுகோல் அமைத்தார். ஒன்றாம் இடத்தில் மாக்கல், ஏழாம் இடத்தில் குவார்ட்ஸ், எட்டில் புஷ்பராகம், ஒன்பதில் கொரண்டம், பத்தில் வைரம். இந்த எண்கள் வரிசையைத்தான் காட்டும், இடைவெளியைக் காட்டாது. ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில் பெரிய தூரம் இருக்கிறது. நேரடியாக அளந்தால் வைரம் பல மடங்கு கடினம். ஆனாலும் வைரத்தை விட்டால் தொழிலுக்கு ஏற்ற அளவில் இயற்கை தந்த மிகக் கடினமான கல் கொரண்டம்தான். அரிவாள், கொடுவாளுக்குச் சாணை பிடிப்பதற்கும், மற்ற மணிக்கற்களைத் தேய்த்து மெருகேற்றுவதற்கும் நம் நாட்டில் இந்தப் பொடிதான் நெடுங்காலம் கைகொடுத்தது.

சரி, இது நம் ஊரில் ஏன் கிடைக்கிறது? பாறை உருவாகும்போது அலுமினியத்தின் பக்கத்தில் போதுமான சிலிக்கா இருந்தால், இரண்டும் சேர்ந்து ஃபெல்ஸ்பார் போன்ற சாதாரணக் கனிமங்களாகிவிடும். சிலிக்கா பற்றாக்குறையாக உள்ள பாறையில், சேர ஆளில்லாமல் மிஞ்சும் அலுமினியம் ஆக்சிஜனோடு மட்டும் கூடிக் கொரண்டமாக நிற்கும். அதனால்தான் குவார்ட்ஸ், அதாவது தனிச் சிலிக்கா, மண்டிக் கிடக்கும் பாறையில் கொரண்டத்தைத் தேடுவது பெரும்பாலும் வீண்வேலை.

அப்படிச் சிலிக்கா குறைந்த பாறை காங்கேயம் பக்கத்தில் இருக்கிறது. ஆண்டவன் உத்தரவுப் பெட்டிக்காக எல்லோரும் அறிந்த சிவன்மலையைச் சுற்றியுள்ள பாறைகளை ஆராய்ந்து, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலந்து 1901-ல் தனி ஆய்வுரையே வெளியிட்டார். அங்குள்ள சயெனைட் (syenite) என்ற பாறை வகையில் கொரண்டம் இருப்பதை அவர் விவரித்தார். 'சிவமலைத் தொடர்' என்றே அந்தப் பாறைக் குடும்பத்துக்குப் பெயர் வைத்தார். நாம் படியேறிக் கும்பிட்டு வரும் மலையின் பெயர் நூறு ஆண்டுக்கு மேலாக நிலவியல் நூல்களில் இருக்கிறது என்பது காங்கேயத்துக்காரர்கள் பலருக்கும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும்.

இன்னோர் இடம் நாமக்கல் மாவட்டத்தில் உள்ள சித்தம்பூண்டி. அங்கே அனார்த்தோசைட் என்ற வெளிறிய பாறையில் கொரண்டம் கிடைக்கிறது. இந்தப் பாறை நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது. அதனால்தான் சந்திரயான்-2 சோதனைகளுக்காகச் செயற்கை நிலவு மண் தயாரிக்க இஸ்ரோ இங்கிருந்து பாறையை எடுத்துப் போனது. செய்தித்தாள்களில் நிலவு மண் பற்றி நிறைய வந்தது. அதே பாறையில் குருந்தக்கல் இருப்பதைப் பற்றி யாரும் பேசியதாக நினைவில்லை.

காங்கேயத்திலிருந்து கரூர் வரை நீளும் பகுதி மணிக்கற்களுக்குப் பெயர்போனது. நொய்யல் கரையில் உள்ள கொடுமணல் அகழாய்வில் பெரில், அகேட், கார்னீலியன், குவார்ட்ஸ் மணிகளோடு நீலக்கல்லும் கிடைத்திருக்கிறது. நீலக்கல் என்றால் கொரண்டம். பதிற்றுப்பத்து 'கொடுமணம்' என்ற ஊரின் வேலைப்பாடு மிக்க அணிகலன்களைப் பாராட்டுகிறது. அது இந்தக் கொடுமணல்தான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. கல்லைப் பட்டை தீட்டித் துளையிடும் தொழில் இந்தக் கரையில் இரண்டாயிரம் ஆண்டுப் பழமை கொண்டது. அப்படிப்பட்ட தொழிலாளிக்குக் கடினமான கல்லுக்கு ஒரு பெயர் தேவைப்படாமலா இருந்திருக்கும்?

இப்போது சொல்லுக்கு வரலாம். ஒரு சொல்லின் வரலாற்றைத் தேடும் துறைக்குச் சொற்பிறப்பியல் என்று பெயர். முதல்முறை பழகுகிறவர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது, அது ஒலி ஒற்றுமையைத் தேடும் விளையாட்டு இல்லை என்பதுதான். சொல் எந்த ஆண்டில், யார் எழுத்தில், எந்த வடிவத்தில் முதலில் பதிவானது? அவருக்கு அது எந்த வழியாக வந்தது? இடையில் மாறிய ஒலி ஏன் அப்படி மாறியது? இந்தக் கேள்விகளுக்குச் சான்று வேண்டும்.

குருந்தத்துக்குச் சான்று இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் ஜான் உட்வர்டு என்ற அறிஞர் உலகின் பல பகுதிகளிலிருந்து கற்களை வரவழைத்துச் சேகரித்தார். வெளிநாட்டுக் கற்களுக்கு அவர் தயாரித்த பட்டியலில், 1725 வாக்கில், 'கொரின்விண்டம்' என்ற பெயர் காணப்படுகிறது. அயர்லாந்தைச் சேர்ந்த ரிச்சர்டு கிர்வான் 1794-ல் வெளியிட்ட கனிமவியல் நூலில்தான் இன்றைய எழுத்துக்கூட்டலில் 'கொரண்டம்' என்ற சொல் வருகிறது. அப்புறம் 1798-ல் சார்லஸ் கிரெவில் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் ஆசியாவின் கொரண்டம் கல்லைப் பற்றி விரிவான கட்டுரை எழுதினார். பெயர் அத்தோடு நிலைத்துவிட்டது. பிரெஞ்சுப் புரட்சியிலிருந்து தப்பி லண்டனுக்கு வந்திருந்த பூர்னோன் பிரபு கிரெவிலின் கற்களை ஆராய்ந்தார். மாணிக்கம், நீலம், மங்கலான தேய்ப்புக்கல் எல்லாமே ஒரே கனிமத்தின் வகைகள் என்பதை 1802-ல் அவர் விரிவாக எழுதினார்.

இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். மாணிக்கத்துக்கும் நீலத்துக்கும் ஐரோப்பாவில் பழைய பெயர்கள் இருந்தன, ராஜாக்களின் கிரீடத்திலிருந்த பெயர்கள். மூன்றும் ஒன்று என்று தெரிந்தபிறகு மொத்தக் குடும்பத்துக்கும் எந்தப் பெயரை வைத்தார்கள்? சாணைக்கல்லின் பெயரை. தென்னிந்தியத் தொழிலாளியின் கையில் பொடியாக இருந்த கல்லின் பெயர், மகுடத்தில் இருந்த கற்களுக்கும் பொதுப்பெயராகிவிட்டது. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

உட்வர்டின் வடிவத்தையும் கிர்வானின் வடிவத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'கொரின்விண்டம்' என்பதில் ஒரு 'வி' இருக்கிறது. 'கொரண்டம்' என்பதில் இல்லை. நம் பக்கமும் இரண்டு வடிவங்கள் உண்டு. தமிழ் அகராதிகள் குருந்தக்கல், குருந்தம் என்று தருகின்றன. தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும் குருவிந்தம், குருவிந்த. உட்வர்டின் காதுக்கு எட்டியது குருவிந்தம் போன்ற நீண்ட வடிவம். பின்னால் வந்தவர்கள் எழுதியது குருந்தம் என்ற குறுகிய வடிவம். ஐரோப்பிய ஏடுகளிலேயே இரண்டின் தடமும் பதிந்திருக்கிறது. நிலைத்தது தமிழ் வடிவம்.

அப்படியானால் சொல்லின் ஆதி தமிழா, சமஸ்கிருதமா என்று உடனே கேட்கத் தோன்றும். இங்கே உடனடி மூலம் வேறு, சொல்லின் பழைய உறவு வேறு என்று பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். ஆங்கிலச் சொல்லின் உடனடி மூலமாக அகராதிகள் தமிழின் குருந்தத்தைக் காட்டுகின்றன. மாணிக்கத்தைக் குறிக்கும் சமஸ்கிருதக் குருவிந்தத்தை அதன் உறவாகக் குறிப்பிடுகின்றன. குருவிந்தம் தமிழுக்கும் பழைய சொல்தான். சிலப்பதிகாரம் மதுரை மணிக்கடைத் தெருவைச் சொல்லும்போது மாணிக்க வகைகளில் 'விந்தம்' என்று ஒன்றைக் கூறுகிறது, உரையில் அதற்குக் குருவிந்தம் என்று பொருள் தரப்படுகிறது. கல் வணிகம் நடந்த ஊர்களில் சொற்கள் மொழிக்கு மொழி கைமாறியபடியேதான் இருந்திருக்கும். இதை வைத்துச் சண்டை போடுவதைவிட, ஆங்கிலத்துக்கு எந்த வாயிலிருந்து போனது என்ற தெளிவான கேள்விக்குத் தெளிவான பதில் இருப்பதே போதும் என்பது என் கருத்து.

ஒலிகளைப் பார்ப்போம். குருந்தம் என்பதில் உள்ள 'த' வல்லினம்தான். ஆனால் மெல்லினத்துக்குப் பின்னால் வரும்போது அதை அழுத்தி உச்சரிக்க மாட்டோம். 'பத்து' என்பதில் உள்ள த வேறு, 'பந்து' என்பதில் உள்ள த வேறு. எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. பந்தில் கேட்கும் அந்த மெலிந்த ஒலியை ஆங்கிலேயர் தங்கள் 'டி' எழுத்தால் எழுதினார்கள். நம் த-வுக்கு நாக்கு பல்லைத் தொடும். ஆங்கிலேயரின் ஒலிக்கு நாக்கு பல்லுக்குச் சற்று மேலே போகும். அதே சொல் ஆங்கிலத்திலிருந்து திரும்பி நம் காதுக்கு வரும்போது அது 'ட' மாதிரிக் கேட்கிறது. குருந்தம் புறப்பட்டது ந்த-வோடு, திரும்பியது ண்ட-வோடு.

இதே மாற்றத்தை நம் ஊர்ப் பெயரிலேயே பார்க்கலாம். கோயம்புத்தூர் என்பதில் 'ம்பு' என்ற இடத்தில் ப மெலிந்து ஒலிக்கிறது, அதனால் ஆங்கிலத்தில் 'பி' எழுத்து. பின்னால் வரும் 'த்தூர்' ஆங்கிலேயர் வாயில் 'டூர்' ஆனது. ரயில்வே அறிவிப்பில் ஊர்ப் பெயரைக் கேட்டவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஒரு சொல்லில் கண்ட ஒலிமாற்றம் அதே வழியில் போன இன்னொரு சொல்லிலும் தெரிந்தால், நாம் தொடர்ந்துபோகும் தடம் சரி என்ற நம்பிக்கை பிறக்கும்.

ஈற்றில் உள்ள 'அம்' நமக்கு மரம், குளம், பழம் மாதிரி இயல்பானது. ஐரோப்பிய அறிஞர்களுக்கு அது லத்தீன் 'உம்' ஈறாகக் கேட்டிருக்கும். பிளாட்டினம் முதலான பெயர்கள் அப்படித்தானே முடிகின்றன? வெளியூர்ச் சொல் ஒன்று எந்தத் திருத்தமும் இல்லாமல் அறிவியல் பெயர் போலவே தோன்றியதற்கு இந்த ஈறு உதவியது என்று நினைக்கிறேன். இன்றும் கொரண்டத்தை லத்தீன் சொல் என்று எண்ணிக்கொண்டிருப்பவர்கள் நிறைய. பிரெஞ்சுக்காரர்கள் அந்த ஈற்றையும் மாற்றி 'கொரிந்தோன்' என்றார்கள். ஜெர்மானியர்கள் ஈற்றையே வெட்டிவிட்டு 'கொருண்ட்' என்றார்கள்.

தவறான தடங்கள் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் துறையில் ஆர்வம் உள்ளவர்கள் வழுக்கி விழுவது அங்கேதான். குருந்தம் என்ற பெயரில் ஒரு மரமும் இருக்கிறது, காட்டு எலுமிச்சை வகை. திருப்பெருந்துறையில் மாணிக்கவாசகர் குருவைக் கண்டது குருந்தமரத்தடியில் என்பார்கள். மாணிக்கம், பெருந்துறை, குருந்தம் மூன்றும் ஒரே கதையில் வருகின்றன; கொடுமணலும் ஈரோடு மாவட்டப் பெருந்துறைக்குப் பக்கம். கோத்துக் கட்டுரை எழுத யாருக்கும் ஆசை வரும். ஆனால் திருப்பெருந்துறை என்பது புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோயில். மரத்துக்கும் கல்லுக்கும் பெயர் ஒலியில் ஒத்துப்போகிறதே தவிர, ஒன்றிலிருந்து மற்றொன்று வந்ததற்குச் சான்று கிடையாது.

இன்னொரு ஆசை, 'குரு' என்ற உரிச்சொல். 'குருவும் கெழுவும் நிறனாகும்மே' என்பது தொல்காப்பியம். நிறம் என்ற பொருளுள்ள குருவிலிருந்து நிறமுள்ள கல்லுக்குக் குருந்தம் என்ற பெயர் வந்தது என்று சொன்னால் அழகாகத்தான் இருக்கிறது. அழகாக இருப்பது சான்றாகாது. இடைப்பட்ட வடிவங்களைக் காட்டாதவரை அதை ஊகம் என்று சொல்லி வைப்பதே முறை. தமிழ்மேல் பற்றுள்ளவர்கள் இந்தக் கட்டுப்பாட்டைக் கடைப்பிடித்தால், நாம் உண்மையாகக் காட்டக்கூடிய சொற்களை உலகம் இன்னும் மதிப்போடு பார்க்கும்.

இந்தச் சொல்லுக்கு ஒரு குழந்தையும் பிறந்தது. 1891-ல் அமெரிக்காவில் எட்வர்டு ஆச்சிசன் களிமண்ணையும், நிலக்கரியைச் சுட்டு எடுக்கும் கோக் என்ற கரியின் தூளையும் கலந்து, மின்சாரத்தைப் பாய்ச்சிக் கடுமையாகச் சூடாக்கினார். பளபளக்கும் கடினமான படிகங்கள் கிடைத்தன. களிமண்ணில் அலுமினியம் இருப்பதால், கார்பனும் கொரண்டமும் சேர்ந்த பொருள் இது என்று கருதி இரண்டு பெயர்களையும் ஒட்டி 'கார்போரண்டம்' என்று பெயரிட்டார். சோதித்ததில் அது சிலிக்கன் கார்பைடு என்று தெரியவந்தது. கொரண்டம் அதில் துளியும் இல்லை. கடினத்தில் அதைவிடவும் மேல். ஆனாலும் பெயர் மாறவில்லை, வணிகப் பெயராக உலகம் சுற்றியது. 1954-ல் கார்போரண்டம் யுனிவர்சல் என்ற நிறுவனப் பெயரில் அது சென்னைக்கு வந்து சேர்ந்தது. குருந்தம் தமிழ்நாட்டுக்குத் திரும்பி வந்தது இப்படித்தான், முன்னால் ஒரு 'கார்போ' ஒட்டிக்கொண்டு.

இயற்கைக் குருந்தத்தைத் தோண்டிப் பொடித்து வீல் செய்வது இப்போது அரிது. அலுமினியத் தாதுவான பாக்சைட்டை மின் உலையில் உருக்கிச் செயற்கைக் கொரண்டம் எடுக்கிறார்கள். கடிகாரத்தில் இருக்கும் மாணிக்கமும் செயற்கைதான். அகஸ்ட் வெர்னெயில் 1902-ல் அறிவித்த தீச்சுடர் முறையில் அலுமினியம் ஆக்சைடு தூளை உருக்கிப் படிகமாக்கினார்கள்.

பட்டறையில் வேலை பார்க்கிறவர்கள் கிரைண்டிங் வீலின் லேபிளைப் பார்த்தால் எண்களோடு ஆங்கில எழுத்துகளும் இருக்கும். அதில் தேய்ப்புப் பொருளைக் குறிக்கும் எழுத்து 'ஏ' என்றால் அலுமினியம் ஆக்சைடு, அதாவது குருந்தத்தின் இனம். எஃகு வேலைக்கு அதை மாட்டுவார்கள். 'சி' என்றால் சிலிக்கன் கார்பைடு. வார்ப்பிரும்பு, பித்தளை, அலுமினியத்துக்கு அது ஏற்றது. டங்ஸ்டன் கார்பைடு டூலைத் தீட்டப் பச்சை நிற வீல் வைத்திருப்பார்கள், அதுவும் சிலிக்கன் கார்பைடின் ஒரு வகை. 'கார்போரண்டம் கல்' என்று கேட்டு வாங்குகிறவர், பெயரில் குருந்தம் இருந்தாலும் கையில் வாங்குவது இந்தச் 'சி' வகையைத்தான். குருந்தம்தான் வேண்டும் என்றால் 'ஏ' போட்ட வீலைக் கேட்க வேண்டும்.